குஞ்சு இல்லை, முழு மீன்

இரண்டு இதழ்களுக்கு முன்பு சில்வர்சைடு மீன்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதினேன். உடம்பின் பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை ஓடும் சிறு மீன்கள், கடலிலும் ஆற்றிலும் கூட்டமாகத் திரிபவை. மூன்று பக்கம் எழுதியதில் ஒரே ஒரு வரி இது: "தொண்டைக்கு அடியில் இனப்பெருக்க உறுப்பை வைத்திருக்கும் ஃபாலோஸ்டெதிடே என்றொரு குடும்பமும் இதில் உண்டு." வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. மீதி மூன்று பக்கத்தை யாரும் சீண்டவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். சரி, இந்த இதழ் முழுக்க அந்த வரிக்கே.

கேள்வி: ஐயா, உறுப்பு தொண்டையில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப் பிழையா, அல்லது எங்களைச் சோதிக்கிறீர்களா? (ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்)

பதில்: இரண்டும் இல்லை. அச்சுக் கோத்தவரும் இதே சந்தேகத்தோடு என்னிடம் வந்தார்.

இந்தக் குடும்பத்து மீன்கள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை இரண்டு முதல் மூன்றரை சென்டிமீட்டர். உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே முதுகெலும்பும் காற்றுப்பையும் தெரியும். ஆண் மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் தலைக்குக் கீழே, செவுளுக்குச் சற்றுப் பின்னால், சதையும் எலும்புமாக ஒரு புடைப்பு தொங்கும். அதற்குப் பெயர் பிரையாப்பியம். மற்ற மீன்களில் வயிற்றுப் பக்கம் இரண்டு இடுப்புத் துடுப்புகள் இருக்குமே, அந்தத் துடுப்புகளின் எலும்புகள்தான் இங்கே முன்னால் வந்து, உருவம் மாறி, தோள் எலும்போடும் முன் விலா எலும்புகளோடும் சேர்ந்து இந்தக் கருவியாகி இருக்கின்றன.

கருவி என்று சொன்னது தெரிந்தே சொன்னது. அதிலிருந்து வளைந்த குச்சிகள் போன்ற எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு டாக்ஸாக்டினியம் என்று பெயர். கிரேக்கத்தில் டாக்ஸான் என்றால் வில். இன்னொன்று டீனாக்டினியம், அதில் சீப்பு என்ற சொல் இருக்கிறது. ஆண் இந்தக் குச்சிகளால் பெண்ணின் தலைப் பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். கை இல்லாத பிராணி வேறு எப்படிப் பிடிக்கும்?

இதில் இன்னொரு விஷயம். ஆணுக்கு மட்டும் இடம் மாறியிருந்தால் பயனில்லை. பெண்ணுக்கும் மலத்துவாரமும் முட்டை வெளிவரும் துவாரமும் வயிற்றின் பின்பகுதியிலிருந்து தொண்டைக்கடிக்கே வந்துவிட்டன. கருவுறுதல் உடம்புக்குள் நடக்கிறது. ஆனால் குட்டி போடுவதில்லை. கருவுற்ற முட்டையைத்தான் இடுகிறது. முட்டையில் மெல்லிய நூல் இருக்கும், அது செடியிலோ வேறெதிலோ சுற்றிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மனிதர்களில் இடதுகைக்காரர்கள் இருக்கிறார்கள். மீனில் உண்டா தாத்தா? (ஆறாம் வகுப்பு மாணவி)

பதில்: நல்ல நேரத்தில் கேட்டாய் பாப்பா. இந்த மீனிலேயே உண்டு. பிரையாப்பியம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஒரே இனத்துக்குள் வலப்பக்கம் சாய்ந்த ஆண்களும் உண்டு, இடப்பக்கம் சாய்ந்த ஆண்களும் உண்டு. கை என்று சொல்ல முடியாது, ஆனால் நீ கேட்டது இதைத்தான்.

கேள்வி: இக்குடும்பத்தின் வகைப்பாட்டை எழுதவும். வரிசை, குடும்பம், பேரினம் மட்டும் போதும். (விலங்கியல் மாணவர், தேர்வுக்காக)

பதில்: தம்பி, "மட்டும் போதும்" என்று எழுதியவுடன் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் உங்களுக்குத் தேவையானதைக் கொடுத்துவிடுகிறேன். வரிசை (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய பிரிவு) ஏதெரினிஃபார்மிஸ், அதாவது சில்வர்சைடுகள். குடும்பம் ஃபாலோஸ்டெதிடே. பிரையாப்பியம் உள்ள பேரினங்கள் நான்கு: ஃபாலோஸ்டெதஸ், நியோஸ்டெதஸ், ஃபெனகோஸ்டெதஸ், குலாஃபாலஸ். எல்லாம் சேர்த்து இருபதுக்குச் சற்று மேல் இனங்கள். இதை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். விருப்பமிருந்தால் மேலே படியுங்கள்.

1913-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சார்லஸ் டேட் ரீகன் என்பவர் மலாயாவின் ஜோகூர் பகுதியிலிருந்து வந்த ஒரு சிறு மீனை விவரித்தார். ஃபாலோஸ்டெதஸ் டங்கெரி என்று பெயர் வைத்தார். டங்கர் என்பது மலாயாவில் மீன் சேகரித்த ஜெர்மானிய ஆய்வாளர் கேயார்க் டங்கரின் பெயர். கட்டுரையின் தலைப்பிலேயே ரீகன் அதை சிப்ரினோடான்ட் என்று குறிப்பிட்டார், அதாவது கப்பி, கில்லி மீன்களின் சொந்தக்காரன். 1916-ல் மேலும் இரண்டு இனங்களைச் சேர்த்து நியோஸ்டெதஸ் பேரினத்தை உருவாக்கியபோதும் அவற்றை அதே கூட்டத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகத்தான் வைத்தார்.

அவர் அப்படி நினைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கப்பியிலும் ஆணின் ஒரு துடுப்பு உருமாறி உள்கருவுறுதலுக்கு உதவுகிறது. இங்கேயும் ஆணின் துடுப்பு உருமாறியிருக்கிறது. இரண்டும் பொடி மீன்கள். ஆனால் கப்பியில் மாறியது குதத் துடுப்பு, இதில் இடுப்புத் துடுப்பு. வேறு வேறு இடத்தில், தனித்தனியாக வந்தவை. வேலை ஒன்று என்பதால் வம்சம் ஒன்று ஆகிவிடாது.

1928-ல் ஜார்ஜ் மையர்ஸ் இக்குடும்பம் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த ஒரு மீனுக்கு அதிலேயே புதிய பேரினமும் கொடுத்தார், ஃபெனகோஸ்டெதஸ் ஸ்மிதி. ஸ்மித் என்பவர் சயாம் அரசுக்கு மீன்வள ஆலோசகராக இருந்த ஹ்யூ ஸ்மித். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இந்த உறுப்பு வேறு எந்த மீனிலும் இல்லையே, ஆகவே இவை வேறு எவற்றோடும் சேராதவை என்று சொல்லி, வகைப்பாட்டு நூல்களில் இவற்றுக்குத் தனி வரிசையே கொடுத்தார்கள். இருபது சொச்சம் மீன்களுக்கு ஒரு முழு வரிசை! ஒருவர் வித்தியாசமான தொப்பி போட்டிருக்கிறார் என்பதற்காக அவருக்குத் தனி ரேஷன் கார்டு கொடுத்த மாதிரி.

தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் சில்வர்சைடின் அடையாளங்கள் தெரியும். முதுகில் இரண்டு துடுப்புகள். முன் துடுப்பு ஒன்றிரண்டு குட்டி முட்களாகச் சுருங்கிப்போயிருக்கும், லென்ஸ் இல்லாமல் கண்ணில் படாது, ஆனால் இருக்கிறது. 1964-ல் டான் ரோசன், சில்வர்சைடு, கில்லி மீன், அரைமூக்கு மீன் எல்லாவற்றையும் ஏதெரினிஃபார்மிஸ் என்ற பெரிய வரிசைக்குள் கொண்டுவந்தபோது இவையும் உள்ளே வந்தன. பின்னாளில் அந்தப் பெரிய வரிசை பிரிந்து, கில்லி மீன்களும் அரைமூக்கு மீன்களும் தனித்தனி வரிசைகளாயின. இவை சில்வர்சைடுகளோடு நின்றுவிட்டன. 1971-ல் டைசன் ராபர்ட்ஸ் இவற்றின் எலும்புகளை விரிவாக எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மீன் ஆய்வாளர் லின் பேரன்டியுடையது. எழுபது வருடங்களாக எல்லாரும் ஆணின் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரன்டி 1986-ல் எழுதிய ஒரு கட்டுரை பெண் மீன்களின் இடுப்புத் துடுப்பில் மிச்சமிருக்கும் துணுக்குகளைப் பற்றியது. பெண்ணுக்கு இடுப்புத் துடுப்பு இல்லை, அதோடு கதை முடிந்தது என்று மற்றவர்கள் போன இடத்தில் அவர் நின்று பார்த்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1984-ல், இக்குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு எது என்பதற்கும் ஒரு விடை சொல்லியிருந்தார்: டென்டாதெரினா மெர்செரி. மேற்குப் பசிபிக் கடலில் வாழும் சிறு சில்வர்சைடு. 1983-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அதன் தொண்டையில் ஒன்றும் கிடையாது! பிரையாப்பியம் இல்லாத மீன், பிரையாப்பிய மீன்களின் நெருங்கிய சொந்தம். சிலர் அதை இதே குடும்பத்துக்குள் வைக்கிறார்கள், சிலர் தனிக் குடும்பமாக வைக்கிறார்கள். தேர்வில் எது சரி என்று கேட்காதீர்கள், உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அது.

1989-ல் பேரன்டி குடும்பம் முழுவதையும் திருத்தி எழுதினார். ராபர்ட்ஸ் எலும்பெலும்பாக வரைந்த செராடோஸ்டெதஸ் பைகார்னிஸ் என்ற மீன் இப்போது நியோஸ்டெதஸ் பைகார்னிஸ். ரீகன் 1916-ல் வைத்த பெயருக்கே திரும்பி வந்துவிட்டது. பைகார்னிஸ் என்றால் இரு கொம்பன்.

கேள்வி: இவை எங்கெங்கே வாழ்கின்றன? வரைபடம் போட முடியுமா? (புவியியல் ஆசிரியை)

பதில்: வரைபடம் போட எனக்குக் கை வராது அம்மா. வார்த்தையில் சொல்கிறேன், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரையாப்பியம் உள்ளவை எல்லாம் தென்கிழக்கு ஆசியாவுக்குள்தான். தாய்லாந்து, மலாய் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ், சுலவேசி, வியட்நாமின் மீகாங் கழிமுகம். பேரினம் பேரினமாகப் பார்த்தால் பழக்கம் மாறும். நியோஸ்டெதஸில்தான் இனங்கள் அதிகம். பொதுவாகக் கடலோரத்து ஆள் அது. ஆறு கடலோடு கலக்கும் உவர்நீர், அலையாத்திக் காட்டு ஓடைகள் எல்லாம் அதற்குச் சம்மதம். குலாஃபாலஸ் பிலிப்பைன்ஸை விட்டு வெளியே இல்லை, அதுவும் நன்னீரில். 1925-ல் ஆல்பர்ட் ஹெர்ரே லூசோன் தீவிலிருந்து அதன் முதல் இரண்டு இனங்களை விவரித்தார். அப்போது அவர் மணிலாவில் மீன்வளத் துறைக்குத் தலைவர்.

உங்கள் வரைபடத்தில் கடலின் ஆழத்தையும் குறித்தால் விஷயம் புரியும். கடைசிப் பனிக்காலத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ரா, போர்னியோ, மலாய் தீபகற்பம் எல்லாம் அப்போது ஒரே நிலம். அதனால் அங்கெல்லாம் ஒரே குடும்பத்து மீன் இருப்பதில் வியப்பில்லை. லூசோன் அப்படி ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் குலாஃபாலஸின் முன்னோர் உப்புத் தண்ணீர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும், அப்புறம் நன்னீரில் குடியேறியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நெருங்கிய சொந்தமான டென்டாதெரினா கடல் மீன் என்பதால் இதை ஓரளவு தைரியமாகவே சொல்கிறேன்.

வாலஸ் கோட்டையும் போடுங்கள். போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே, பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவே ஓடுகிற கோடு அது. மேற்கே ஆசிய உயிரினங்கள், கிழக்கே வேறு உலகம் என்று ஆல்பிரட் ரசல் வாலஸ் கண்டது. அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இக்குடும்பத்து மீன் கிடையாது என்றுதான் வெகுநாள் இருந்தது. 1998-ல் சுலவேசியிலிருந்து நியோஸ்டெதஸ் ஜாஜாவோரம் வந்து அதை முடித்துவைத்தது.

இப்போது ஓர் எச்சரிக்கை. உங்கள் மாணவர்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து, புள்ளி இருக்கும் இடத்தில் மீன் உண்டு, வெற்றிடத்தில் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். அது மீனின் வரைபடம் மட்டுமில்லை, வலை போட்டவர்களின் வரைபடமும்கூட. ஃபாலோஸ்டெதஸ் பேரினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் ஓர் இனம், ஜோகூரில். அடுத்தது 1996-ல், போர்னியோவின் சரவாக்கில். நடுவில் 83 வருடம். மூன்றாவது 2012-ல், மீகாங் கழிமுகத்தில். அதன் பெயர் ஃபாலோஸ்டெதஸ் குவ்லாங், மீகாங்கின் கழிமுகத்தை வியட்நாமியர் ஒன்பது டிராகன்கள் என்பார்கள், அந்தச் சொல். ஆள் நடமாட்டமே இல்லாத இடமா அது? கோடிக்கணக்கான மக்கள் மீன் பிடித்துத் தின்கிற இடம். இரண்டு சென்டிமீட்டர் மீன் வலைக் கண்ணில் நிற்காது. நின்றாலும் கண்ணாடி உடம்பு. கண்ணில் பட்டாலும் "குஞ்சு" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: என் தொட்டியில் ரெயின்போ மீன்கள் வளர்க்கிறேன். அவையும் சில்வர்சைடு கூட்டம் என்றீர்கள். இந்தத் தொண்டை மீனுக்கு அவை தம்பியா, பங்காளியா? (மீன் வளர்ப்பவர்)

பதில்: பங்காளி. ஒரே வரிசை, வேறு வீடு. ரெயின்போ மீன்கள் ஆஸ்திரேலியாவும் நியூகினியும். நீலக்கண் மீன்கள் என்பவையும் அந்தப் பக்கமே. பாய்மரம் மாதிரித் துடுப்பு உயர்த்தும் டெல்மாதெரினிடே குடும்பம் பெரும்பாலும் சுலவேசியில், அதிலும் மாட்டானோ முதலான ஏரிகளில் நிறைய. பெடோடியா வகை மடகாஸ்கரில் மட்டும். இந்த நான்கையும் ஒரே குடும்பமாக்கி உள்ளே துணைக்குடும்பங்களாக வைத்த நூல்களும் உண்டு, நான்கு தனிக் குடும்பங்களாக வைப்பவர்களும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை. தொண்டை மீன் அந்தச் சண்டையில் இல்லை, அதுவரை உங்கள் தொட்டிக்கு நிம்மதி.

கேள்வி: இந்தப் பெயர்களை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கண்ணியமான தமிழ்ப் பெயர் ஒன்று தாருங்கள். (இன்னொரு ஆசிரியர்)

பதில்: சிரிக்கட்டும் சார். பெயர் வைத்தவர்களே கூச்சப்படவில்லை. ஃபாலோஸ் என்பது ஆண்குறி, ஸ்டெதோஸ் என்பது மார்பு. டாக்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பில் இருப்பதும் அதே ஸ்டெதோஸ்தான். குலா என்றால் லத்தீனில் தொண்டை. பிரையாப்பியம் என்பது பிரையாப்பஸ் என்ற பழைய வளமைக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. ஃபெனகோஸ்டெதஸ் என்றால் ஏமாற்று மார்பன், இதில் மட்டும் கொஞ்சம் நாகரிகம். தமிழில் நான் "தொண்டைக்குறி மீன்" என்று சொல்கிறேன். இன்னும் கண்ணியம் வேண்டுமென்றால் "தாடைக்கொக்கி மீன்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதற்குக் கொக்கி என்று ஒரு பிள்ளை கேட்கும், பதில் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: பொடி மீனைப் பார்த்தவுடன் இது அந்தக் குடும்பமா, வேறு மீனின் குஞ்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண் என்றால் புடைப்பைப் பார்க்கலாம். பெண் மட்டுமே கிடைத்தால்? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன். ஒப்புக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த புதிதில், பழைய மாதிரிகள் நிறைந்த ஒரு சேகரிப்பில் சீசாக்களை வகை பிரிக்கும் வேலை எனக்கு. போர்னியோவிலிருந்து வந்த ஒரு சீசா. உள்ளே பதினொரு பொடி மீன்கள், சாராயத்தில் ஊறி அரிசி மாதிரி வெளுத்துக் கிடந்தன. இந்தக் குடும்பத்தைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன், அதனால் ஒரே ஆர்வம். ஒவ்வொன்றாக எடுத்துத் தொண்டையைப் பார்த்தேன். ஒன்றிலும் புடைப்பு இல்லை. "குஞ்சுகள், இனம் அறியப்படவில்லை" என்று லேபிள் எழுதி, அழகாக ஒட்டி, அலமாரியில் ஏற்றிவிட்டேன். கையெழுத்து என்னுடையதுதான், மறுக்க வழியில்லை.

பல வருடம் கழித்து வேறு எதற்கோ அந்தச் சீசாவை இறக்கினேன். அதற்குள் பேரன்டியின் பெண் மீன் கட்டுரையைப் படித்திருந்தேன். இந்த முறை புடைப்பைத் தேடவில்லை. மலத்துவாரம் எங்கே என்று பார்த்தேன். சாதாரண மீன் குஞ்சுக்கு அது வயிற்றின் பின்பகுதியில், குதத் துடுப்புக்கு முன்னால் இருக்கும். இவற்றுக்குத் தொண்டைக்கடியில், மார்புத் துடுப்புகளின் பக்கத்தில் இருந்தது. பதினொன்றும் அப்படியே. அடுத்து முதுகு. பெரிய துடுப்புக்கு முன்னால் மயிரிழை மாதிரி ஒரு முள், நான் முதல் தடவை தூசி என்று நினைத்தது. இரண்டு மீனின் வயிற்றுக்குள் முட்டைகள் தெரிந்தன. முட்டை சுமக்கும் "குஞ்சுகள்"!

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் போதும். மீனை மல்லாக்கப் போடுங்கள். துவாரம் முன்னால் தொண்டையில் இருக்கிறதா, இடுப்புத் துடுப்பு இல்லையா என்று பாருங்கள். அப்புறம் திருப்பி, அந்த முன் முள்ளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தேடுங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாது. மூன்றும் பொருந்தினால் அது குஞ்சு இல்லை. எந்த இனம் என்று பெண்ணை வைத்துச் சொல்வது கடினம், அதற்கு ஆணின் குச்சி எலும்புகள் வேண்டும். அதே இடத்தில் இன்னொரு தடவை, இன்னும் நெருக்கமான கண் உள்ள வலையைப் போடுங்கள்.

அந்தச் சீசாவில் பழைய லேபிளைக் கிழிக்கவில்லை. சேகரிப்பு விதிப்படி பழையதை எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே புதியதை ஒட்டினேன்: "நியோஸ்டெதஸ், பெண், 11."